அறிவிப்புக்கு நடுவே ஒரு மூச்சு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று யாரும் கவனித்ததில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு எங்களுடையது. நிலையத்தின் ஒலிபெருக்கிகளில் ஒன்று எங்கள் மொட்டைமாடியைப் பார்த்தபடி கம்பத்தில் தொங்கியது. அதில் பேசியவள் அப்பாவின் அக்கா. அத்தை சொன்னதுதான் எங்களுக்கு நேரம்.

ஐந்து நாற்பதுக்கு அவள் பன்னிரண்டாம் தடத்தை அறிவித்தால் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். ஏழு பத்துக்கு நாற்பத்தேழு புறப்பட்டால் அப்பா குளியலறையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். எட்டரைக்கு முப்பத்தொன்று என்ற குரல் கேட்கும்போது நான் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருப்பேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. இப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். அடுத்து என்ன என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். பதில் கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தைக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. எங்கள் வீட்டு மாடி அறை அவளுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஒரு ஆளுக்கே மூச்சு பத்தல, இதுல இன்னொரு ஆளா?" என்பாள். வீட்டிலும் அவள் பேச்சில் பாதி அறிவிப்பாகத்தான் இருக்கும். அவளுடைய விடுமுறை நாட்களில் மாடிப்படியில் நின்றுகொண்டு, "பயணிகள் கவனத்திற்கு. குளியலறையில் இருக்கிற வண்டி இன்னும் கிளம்பல. பின்னாடி ரெண்டு வண்டி காத்திருக்கு" என்பாள். அப்பா உள்ளேயிருந்து, "வண்டி பழுதுக்கா" என்று பதில் கொடுப்பார்.

நிலையத்தில் அவளை மைக் அக்கா என்பார்கள். அவளுடைய அறிவிப்பு மூன்று துண்டாக வரும். "தடம் எண் நாற்பத்தேழு" என்று ஒரு துண்டு. பிறகு ஒரு நிறுத்தம். "ஆறாம் நடைமேடையிலிருந்து" என்று இன்னொரு துண்டு. மறுபடியும் நிறுத்தம். "புறப்படத் தயாராக உள்ளது" என்று கடைசித் துண்டு. ஊரில் எல்லோரும் அதை அவளுடைய பாணி என்றே நினைத்தார்கள். பள்ளியில் பையன்கள் அவளைப் போலப் பேசிக் காட்டுவார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்தினால் கைதட்டுவோம்.

அது பாணியில்லை என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ஒரே மூச்சில் முழு அறிவிப்பையும் சொல்ல முடியாமல், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவளே அதை மூன்றாக வெட்டிக்கொண்டாள். அவள் எப்படி இருக்கிறாள் என்பதை அம்மா அடுப்படியில் நின்றபடியே அந்த நிறுத்தங்களை வைத்துச் சொல்லிவிடுவாள். நிறுத்தம் ஒரு கரண்டி மாவு எடுக்கும் நேரம் என்றால் நல்லது. இரண்டு கரண்டி என்றால் அப்பாவைக் கூப்பிடுவாள். "உங்க அக்காவுக்கு இன்னிக்கு இழுக்குதுங்க. மதியம் சீக்கிரம் வந்தா வெந்நீர் வைக்கணும்."

இப்படி ஒரு ஆளின் மூச்சை ஊர் முழுக்கக் கேட்கும்படி வைத்துக்கொண்டு வாழ்ந்த குடும்பம் வேறு எங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

ஆஸ்துமா என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு போகும் குழாய்கள் சிலருக்கு உள்பக்கம் எப்போதும் கொஞ்சம் சிவந்து வீங்கியே இருக்கும். உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாட்களிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கும். தூசியோ, புகையோ, சளிக்காய்ச்சலோ, குளிர்ந்த காற்றோ, அவரவருக்கு ஒவ்வாத ஏதோ ஒன்று பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும். உள்ளே சளியும் சேரும். உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் திணறும். பார்க்கிறவர்களுக்கு மூச்சு இழுக்க முடியாதது போலத் தெரியும். உண்மையில் பெரும்பாடு மூச்சை வெளியே விடுவதில்தான். நெஞ்சுக்குள் விசில் அடிப்பது அதனால்தான்.

அத்தையிடம் இரண்டு இன்ஹேலர்கள் இருந்தன. ஒன்று நீலம். மூச்சு முட்டும்போது உறிஞ்சினால் சில நிமிடங்களில் விட்டுவிடும். இன்னொன்று பழுப்பு. அதைத் தினமும் காலையும் இரவும் எடுக்கச் சொல்லி எப்போதோ ஒரு மருத்துவர் கொடுத்திருந்தார். அத்தை அதை ஒரு மாதம் எடுத்தாள். குரல் கம்மியது. மைக்கில் பேசுகிறவளுக்குக் குரல் கம்மினால் என்ன மிச்சம்? பழுப்பைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். "அதை எடுத்தா உடனே ஒண்ணும் தெரியவும் இல்ல, குரலும் போகுது. யாருக்கு வேணும் அது?" அம்மாவும் அதை ஆமோதித்தாள். இன்ஹேலர் என்றாலே கடைசிக் கட்டம், பழகிவிட்டால் விடாது என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டில் ஒன்று குறைந்தது அவளுக்கு நிம்மதி.

நீலத்தை அத்தை மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்தாள். மைக்கை அணைப்பாள், ஒரு முறை உறிஞ்சுவாள், மைக்கைப் போடுவாள். நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது. மூச்சுக் கோளாறு இருக்கிற ஆளுக்கு எதற்கு மைக் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

"தடம் எண் இருபத்திரண்டு" என்று சொல்லி நிறுத்தினாள். எட்டு ஒலிபெருக்கிகளிலும் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நிலையத்தில் நின்ற ஓட்டுநர்கள் அத்தனை பேரும் வண்டியை விட்டு இறங்கி டயரைப் பார்த்தார்கள். அப்பா அப்போது ஒரு வேலையாக அங்கே போயிருந்தார். அவர் அதைச் சொல்லிச் சிரிக்காத விருந்து எங்கள் வீட்டில் கிடையாது. பதினேழு பேர் வரிசையாகக் குனிந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

பணிமனை மெக்கானிக் மட்டும் டயரைப் பார்க்கவில்லை. எந்நேரமும் பின்பாக்கெட்டில் ஒரு ஸ்பேனர் வைத்திருந்ததால் அவரை எல்லோரும் ஸ்பேனர் என்பார்கள். எனக்கு ஸ்பேனர் மாமா. காற்று எங்கே போகிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற ஆள். நேரே அறிவிப்பு அறைக் கதவைத் தட்டினார்.

"அக்கா, சத்தம் உங்க ரூம்லேர்ந்துதான் வருது."

அத்தை கண்ணாடிப் பெட்டியை மூடினாள். "ஃபேன் சத்தமா இருக்கும்."

"ஃபேன் புஸ்ஸுங்காது, கடகடங்கும். எங்கம்மாவும் இதேதான் இழுத்தாங்க. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

அத்தை பெட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. வெளியே அடிக்கிற ஹாரனுக்கு மேல் கத்திக் கத்தித்தான் அக்காவுக்கு இழுக்கிறது என்று அவராக ஒரு முடிவுக்கு வந்தார். பணிமனைப் பின்பக்கம் உடைத்துப் போட்ட பழைய பேருந்துகளின் இருக்கைகள் மலை போலக் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்பாஞ்சுகளையெல்லாம் உரித்து எடுத்துவந்து, அறிவிப்பு அறையின் நான்கு சுவரிலும் கூரையிலும் ஒட்டி, மேலே இருக்கைத் துணியை இழுத்துக் கட்டி ஆணி அடித்தார். ஜன்னலையும் அடைத்தார்.

திங்கட்கிழமை அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே ஹாரன் அடிப்பது தூரத்துக் கொசு போலக் கேட்டது. மெதுவாகப் பேசினாலே போதும். அன்று வீட்டுக்கு வந்து, "எனக்குன்னு ஒருத்தன் ரேடியோ ஸ்டேஷன் கட்டிக் குடுத்திருக்கான்" என்று சொன்னாள். அவள் அப்படி நெகிழ்ந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் அந்த அறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். நீலமும் பச்சையுமாகச் சுவரெல்லாம் பேருந்து இருக்கை. சாய்ந்து உட்கார்ந்தால் ஏதோ ஊருக்குப் போய்க்கொண்டிருப்பது போல இருக்கும். ஒரு ஈர வாசனையும் வரும். பழைய பேருந்தில் வருகிற வாசனைதான் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போனது. அத்தையின் நிறுத்தங்கள் நீண்டன. அம்மா மூன்று கரண்டி, நான்கு கரண்டி என்று எண்ணத் தொடங்கினாள். நீல இன்ஹேலர் முன்பெல்லாம் மூன்று மாதம் வரும். இப்போது மூன்று வாரத்தில் தீர்ந்தது. தூக்கத்தில் இருமினாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டு, "வண்டி டீசலுக்கு நிக்குது" என்றாள். பேருந்துப் புகைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னோம். வேறு யாரைச் சந்தேகப்படுவது? கண்ணெதிரே கறுப்பாகப் புகை போய்க்கொண்டிருந்தது. ஸ்பேனர் மாமா கதவு இடுக்கிலும் ஸ்பாஞ்சு வைத்து அடைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்து. அன்று ஆறாம் நடைமேடையில் ஒரு வண்டி பழுதாகி நின்றதால் நாற்பத்தேழு பத்தாம் நடைமேடைக்கு மாற்றப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் "தடம் எண் நாற்பத்தேழு" என்று கேட்டது. அம்மா கரண்டியோடு நின்றாள். அடுத்த துண்டு வரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். "இன்று" என்று மட்டும் வந்தது. பிறகு கரகரவென்ற சத்தம். அதோடு நின்றுவிட்டது. அப்பா தலையில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து வெளியே ஓடிவந்தார்.

அறுபது பேர் ஆறாம் நடைமேடையிலேயே காத்திருந்தார்கள். நாற்பத்தேழு பத்தாம் நடைமேடையிலிருந்து காலியாகப் போய்விட்டது. அத்தையை ஸ்பேனர் மாமாதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். மூக்கு வாய் மூடி முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்து, மதியத்துக்கு மேல்தான் அவளால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிந்தது. முதலில் கேட்டது, "நாற்பத்தேழு போயிடுச்சா?"

நான்கு நாள் கழித்து வேலைக்குப் போனபோது நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் கையில் அறுபது பேரின் புகார் இருந்தது.

"உக்காருங்கம்மா. உடம்பு எப்படி இருக்கு?"

"இப்ப பரவாயில்ல சார்."

"பரவாயில்லைங்கறத வெச்சு நான் வண்டி ஓட்ட முடியாதும்மா. மாசக் கடைசில மேலிடத்துலேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரு முடிவு சொல்லணும். உங்களுக்கு நல்லதுன்னுதான் சொல்றேன், பழைய கோப்பு அறைல உக்காந்துக்கங்க. பேச்சே வேணாம். நிம்மதியா இருக்கலாம்." மேசை மேல் ஒரு சாவியை வைத்தார். "இதை நீங்களே வெச்சுக்கங்க. மாசக் கடைசி வரைக்கும் மைக்லயே பேசிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுவோம்."

அந்தச் சாவியை அத்தை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள். இருபது வருடத் தூசி படிந்த கோப்புகள் இருக்கிற அறை அது. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நிம்மதியான வேலைதானேக்கா?"

"பத்தொன்பது வருஷமா காலைல எழுந்ததும் இந்த ஊரோட பேசறேன்டா. ஃபைலோட என்ன பேசறது?"

அம்மா மாடிக்குப் போய் அலமாரியிலிருந்து அந்தப் பழுப்பு இன்ஹேலரை எடுத்துவந்து சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அண்ணி, நாளைக்கு நல்ல டாக்டரா ஒருத்தரப் பாப்போம். நான் சொன்னதெல்லாம் விட்டுடுங்க. எனக்கு என்ன தெரியும்."

நெஞ்சு நோய் மருத்துவர் ஒரு பெண். அதிகம் பேசவில்லை. முதலில் இன்ஹேலரை எடுத்துக் காட்டச் சொன்னார். அத்தை வாயைத் திறந்தாள், அழுத்தினாள், விழுங்கினாள்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"பதினஞ்சு வருஷமா நாக்குக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க. மருந்துல கொஞ்சம்தான் நுரையீரலுக்குப் போயிருக்கு."

பிறகு ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் காட்டினார். ஒரு பக்கம் இன்ஹேலரைச் செருகி அழுத்தினால் மருந்து குடுவைக்குள் நிற்கும். இன்னொரு பக்கம் வாயை வைத்து மெதுவாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். அத்தை நான்கு முறை செய்துகாட்டியபிறகுதான் விட்டார்.

"குரல் கம்முதுன்னுதான் பழுப்பை விட்டுட்டேன் டாக்டர். எனக்குக் குரல்தான் சோறு போடுது."

"மருந்து தொண்டையில தங்கறதால கம்முது. இந்தக் குடுவை வழியா எடுத்தா தொண்டையில கம்மியாத்தான் தங்கும். எடுத்தவுடனே வாய் கொப்புளிச்சு, தொண்டை வரைக்கும் தண்ணி விட்டுத் துப்பிடணும். இதை யாரும் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாங்க. நான் கேட்டிருக்க மாட்டேன்."

"சரி. பஸ் ஸ்டாண்டுல இருக்கீங்க, உங்களுக்குப் புரியும். நீலம், நடுவழியில நின்ன பஸ்ஸைத் தள்ளிவிடற ஆளு. நல்ல ஆளுதான். அதுக்காக தினமும் தள்ளிக்கிட்டேவா போவீங்க? இஞ்சினைச் சரி பண்ண வேணாமா? பழுப்புதான் மெக்கானிக். வேலை செய்யறது வெளியில தெரியாது. ரெண்டு மூணு வாரம் பொறுக்கணும். நல்லாயிட்டமாதிரி இருக்கேன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது."

கடைசியாக ஒரு சின்னக் குழாயைக் கொடுத்தார். முழு பலத்தோடு ஒரே ஊதாக ஊதினால் உள்ளே இருக்கிற முள் நகர்ந்து ஒரு எண்ணில் நிற்கும். எண் கூடினால் குழாய்கள் திறந்திருக்கின்றன. குறைந்தால் சுருங்கியிருக்கின்றன. ஒரு நாளைக்கு நான்கு தரம் ஊதி, எங்கே இருந்தபோது ஊதினாள் என்பதையும் எழுதிவரச் சொன்னார்.

நேரம் எழுதுவதை அத்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய கால அட்டவணைத் தாளைத் திருப்பிப்போட்டு, வண்டிகளுக்குப் போடுவது போலவே கட்டம் கட்டினாள். காலை ஐந்து, வீடு, முந்நூற்று இருபது. காலை பத்து, அறை, இருநூற்று அறுபது. பகல் ஒன்று, அறை, இருநூற்று முப்பது. இரவு எட்டு, வீடு, இருநூற்று எண்பது. விடுமுறை நாளில் நான்கு வேளையும் முந்நூறுக்கு மேல். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பஸ் புகைதான், வேறென்ன. கோப்பு அறைக்கே போயிடுக்கா" என்றார். சாவி அதே மேசை மேல் இருந்தது.

பத்தாவது நாள் நிலையத்தில் மின்சாரம் போனது. மைக் வேலை செய்யவில்லை. அத்தை பேட்டரியில் ஓடும் கை ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு நடைமேடைக்கு வந்து நின்றாள். மூன்று மணி நேரம். வண்டிகள் அவள் முகத்துக்கு நேரே புகை விட்டன. ஸ்பேனர் மாமா அவள் பின்னாலேயே நீல இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தார். எந்த நிமிடம் விழுவாளோ என்று அவருக்கு.

பகல் ஒரு மணிக்கு அத்தை குழாயை எடுத்து ஊதினாள். முள்ளைப் பார்த்தாள். மறுபடியும் ஊதினாள்.

"என்னக்கா, ரொம்ப எறங்கிடுச்சா?"

"முந்நூத்தி பத்து."

"முள்ளு சிக்கியிருக்கும். குடுங்க பாப்போம்." அவர் வாங்கி ஆட்டினார், தட்டினார், திருப்பிக் கொடுத்தார். அத்தை ஊதினாள். முந்நூற்றுப் பத்து.

புகைக்கு நடுவில் நிற்கும்போது முந்நூற்றுப் பத்து. புகையே வராத அறைக்குள் இருநூற்று முப்பது. இரண்டு பேரும் அந்தத் தாளைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு இரண்டு பேரும் திரும்பி அறிவிப்பு அறையைப் பார்த்தார்கள்.

ஸ்பேனர் மாமா உள்ளே போய், கூரை ஓரத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைப் பிய்த்தார். அது கையோடு ஈரமாக வந்தது. கூரையில் எங்கோ ஒழுகி, இரண்டு வருட மழை அதற்குள் ஊறிக்கிடந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. பிய்த்த இடத்திலிருந்து மாவு போலத் தூசி கொட்டியது. அந்த இருக்கைகளில் எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மனிதத் தோலிலிருந்து உதிர்வதைத் தின்று வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உண்ணி உண்டு. அதன் எச்சமும் பூஞ்சையும் ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் பிறகு சொன்னார். அப்படிப்பட்ட ஒரு பெட்டிக்குள் ஜன்னலையும் சாத்திக்கொண்டு அத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஆழமாக மூச்சு இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஸ்பேனர் மாமா வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். பின்பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அத்தை அவரை அப்படி ஸ்பேனர் இல்லாமல் பார்த்தது அதுதான் முதல்தரமாம்.

"நான்தான்க்கா உங்களை உள்ள வெச்சு அடைச்சிருக்கேன்."

"இந்த நிலையத்துல இத்தனை பேர் இருக்காங்க. என் மூச்சு எங்க போகுதுன்னு நீ ஒருத்தன்தான் தேடின. இடம்தான் தப்பாப் போச்சு. எழுந்து வந்து பிய்ச்சுப் போடு."

"இப்பவே பிய்க்கறேன்."

"இரு. நான் அந்தப் பக்கம் போயிடறேன். டாக்டர் பாத்தா ரெண்டு பேரையும் வைவாங்க."

பிய்க்கிற மூன்று நாளும் அத்தை அறைப் பக்கம் போகவில்லை. நடைமேடையின் கோடியில், காற்று வருகிற பக்கமாக நின்று கை ஒலிபெருக்கியில் பேசினாள். ஸ்பேனர் மாமா முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து எல்லாவற்றையும் உரித்தார். ஒழுகலை அடைத்தார். சுவரைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெள்ளையடித்து, பெயிண்ட் வாசனை போகும்வரை கதவைத் திறந்தே வைத்தார். மருத்துவரிடம் தாளைக் காட்டியபோது அவர் வீடு, அறை, நடைமேடை என்று ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். "புகையும் நல்லதில்லதான். வண்டிக்குப் பின்னாடி போய் நிக்காதீங்க" என்றும் சொன்னார்.

மிச்சமிருந்த ஒரே சிக்கல் ஹாரன். சுவர் மொட்டையாகிவிட்டதால் எல்லாச் சத்தமும் உள்ளே வந்தது. அதற்கும் ஸ்பேனர் மாமாவே வழி கண்டுபிடித்தார். ஒரு பழைய பேருந்தின் பின்பக்கச் சிவப்பு விளக்கைக் கழற்றி அறையின் மேல் பொருத்தினார். அத்தை மைக்கைப் போட்டால் விளக்கு எரியும். விளக்கு எரியும்போது எவனும் ஹாரன் அடிக்கக் கூடாது. ஓட்டுநர்களிடம் அவர் எப்படிச் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் கேட்டுக்கொண்டார்கள்.

மாதக் கடைசி வந்தது. அதற்குள் பழுப்பு இன்ஹேலர் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தது. மருந்து, கொப்புளிப்பு, பிறகு பல் துலக்கல் என்று வரிசை. நீலம் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்து, மைக்குக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி நின்றது. அந்த வாரம் அது ஒரே ஒரு முறைதான் தேவைப்பட்டது. குரல் முதல் வாரம் லேசாகக் கம்மியது, பிறகு சரியாகிவிட்டது. முள் முந்நூற்று அறுபதில் நின்றது.

மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் கழிப்பறையையும் குடிநீர்த் தொட்டியையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அறிவிப்பைக் கேட்டது நிலைய மேலாளர் மட்டும்தான். ஆறாம் நடைமேடையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். எங்கள் வீட்டில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மொட்டைமாடியில் நின்றாள்.

"தடம் எண் நாற்பத்தேழு ஆறாம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

ஒரே மூச்சில். நடுவே ஒரு இடைவெளியும் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "யாரோ வேற ஆள் பேசறமாதிரி இருக்கு" என்றாள்.

அன்று பகல் அத்தை சாவியைக் கொண்டுபோய் மேலாளர் மேசை மேல் வைத்தாள். அவர் அதை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். "நல்லதும்மா. அந்த ஃபைலுங்க பாவம், இன்னும் கொஞ்ச நாள் தனியா இருக்கட்டும்."

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரமே பயணிகள் புகார்ப் பெட்டியில் கடிதங்கள் வந்தன. பழைய அம்மா எங்கே, இந்தப் புது அம்மா படபடவென்று சொல்லிவிடுகிறார், எண்ணைக் கேட்டு மூட்டையைத் தூக்குவதற்குள் அறிவிப்பு முடிந்துவிடுகிறது என்று. கைக்குழந்தையோடு வருகிற ஒரு பெண் எழுதியிருந்தாளாம்: 'முன்பு இருந்தவர் நாங்கள் குழந்தையைத் தூக்கும்வரை நிறுத்திச் சொல்வார்.'

அத்தை அந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு முறை படித்தாள். மறுநாள் ஐந்து நாற்பதுக்கு அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "தடம் எண் பன்னிரண்டு." ஒரு கரண்டி நேரம். "மூன்றாம் நடைமேடையிலிருந்து." மறுபடியும் ஒரு கரண்டி நேரம்.

மதியம் அம்மா பதறிப்போய்க் கேட்டாள். "என்ன அண்ணி, திரும்ப இழுக்குதா?"

"இல்லம்மா. பெட்டியத் தூக்கட்டும்னு நிறுத்தறேன்."

ஆஸ்துமா போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது போகிற நோய் இல்லை. அத்தை இன்றுவரை பழுப்பை விடவில்லை. அவள் கைப்பையில் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு அட்டை இருக்கிறது. முந்நூறுக்கு மேல் என்றால் வழக்கம்போல. அதற்குக் கீழே இறங்கினால் இன்னின்ன செய்ய வேண்டும். நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே போனாலோ, பேச முடியாமல் மூச்சு முட்டினாலோ நீலத்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை. வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம். மழைக்காலம் தொடங்கினால் ஸ்பேனர் மாமா டார்ச் விளக்கோடு வந்து அறிவிப்பு அறையின் மூலைகளையும், அப்படியே எங்கள் மாடி அறையையும் பார்த்துவிட்டுப் போவார்.

பேருந்து நிலையத்தை இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். எங்கள் மாடியைப் பார்த்திருந்த ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அத்தை பேருந்தில் ஏறித்தான் வேலைக்குப் போகிறாள். அம்மா கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்கிறாள். அப்பா குளியலறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறார், கேட்பாரில்லை. காலை வேளைகளில் எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

போன வாரம் ஒரு நேர்காணலுக்காக வெளியூர் போக அந்தப் புது நிலையத்துக்குப் போனேன். பளபளவென்று இருந்தது. எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. எந்த நடைமேடை என்று தேடிக்கொண்டு நின்றபோது தூரத்தில் ஒரு கண்ணாடி அறையின் மேல் பழைய சிவப்பு விளக்கு எரிந்தது. ஹாரன்கள் நின்றன.

அத்தை என் வண்டியின் எண்ணைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். நான் குனிந்து பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். மாட்டி முடித்தபிறகுதான் நடைமேடையைச் சொன்னாள்.